வெளியூர் ஆட்டங்கள்

வெளியூர் ஆட்டம் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை, ஷெரீஃப். சொன்னால் பலர் நம்புவதில்லை. எங்கள் வீவர்ஸ் அணி ரீட்ஸ்பரோவிலோ எல்டனிலோ பேஸ்பால் ஆடும்போது, நான் இங்கே காலன்பர்கில், வங்கிக் கட்டடத்தின் மேல்மாடி வானொலி நிலையத்தில், கனத்த திரை தொங்கும் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருப்பேன். எதிரே எட்னா குப்சக், தந்திக் கருவியோடு. அங்கே ஒருவன் பந்தை அடித்ததும் அந்த ஊர்த் தந்திக்காரர் தட்டிவிடுவார். எட்னா அதை ஒரு துண்டுக் காகிதத்தில் தட்டச்சு செய்து என் பக்கம் தள்ளுவார். ‘பெர்கின்ஸ், இடப்புறம், ஒரு தளம்.’ இடப்புறம் அடித்து முதல் தளத்தை எட்டினான், அவ்வளவுதான் அதில் இருக்கும். பெர்கின்ஸ் மட்டையைச் சுழற்றியது, பந்து புல்லில் சறுக்கிக்கொண்டு போனது, நம் ஆள் பாய்ந்து கையுறையை நீட்டியது, வெயில், புழுதி, வேர்க்கடலை விற்கிறவனின் கூவல், இவையெல்லாம் நான் போடுவது. சுருட்டுப் பெட்டியில் பென்சிலால் ஒரு தட்டு தட்டினால் மட்டையில் பந்து பட்ட சத்தம். கூட்டத்தின் இரைச்சலுக்கு ஒரு இசைத்தட்டு இருந்தது. தந்திக் கம்பி அறுந்துபோனால், அது சரியாகும்வரை அந்த ஊரில் மழை பெய்யவைப்பேன்.

இதில் ஒளிவுமறைவு இல்லை. எல்லா ஊரிலும் சின்ன வானொலி நிலையங்கள் இப்படித்தான் செய்கின்றன. கேட்கிறவர்களுக்கும் தெரியும். ஆனால் கேட்கும்போது அது அவர்கள் நினைவில் இருப்பதில்லை.

என்னைப் பற்றிக் கேட்டீர்கள். நாற்பத்தாறு வயது. அம்மா இறந்த பிறகு, செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறையில் தனியாக இருக்கிறேன். இந்த ஊரில் என் குரலைத் தெரியாதவர் இல்லை. முகத்தைத் தெரிந்தவர் ரொம்பக் குறைவு. ஒருமுறை முடிவெட்டும் கடையில் காத்திருந்தேன். முந்தின நாள் ஆட்டத்தை நான் எப்படிச் சொன்னேன் என்று இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். “பெக் சொன்னா நேர்ல பாத்த மாதிரி இருக்குப்பா” என்றார் ஒருவர். “அந்தாளு எப்படி இருப்பாரு தெரியுமா? என் மச்சான் பாத்திருக்கானாம். நல்ல ஒசரமாம்” என்றார் இன்னொருவர். நான் உயரமில்லை. என் முறை வந்ததும் எழுந்து போய் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள். அப்போது அவர்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.

நீங்களும் நானும் ஒரே பள்ளியில் படித்தோம், ஷெரீஃப். நேற்று அதைச் சொல்ல நினைத்தேன். உங்களுக்கு முன்னால் இரண்டாவது வரிசையில்தான் இருந்தேன்.

டெல்மர் வாஸ் இந்த வருஷம் ஏப்ரலில் வந்தான். ஷார்ட்ஸ்டாப். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்கிறவன். தரையோடு வருகிற பந்துகளில் பாதி அவன் பக்கம்தான் வரும். நெப்ராஸ்காவில் ஒரு பண்ணைக்காரரின் மகன். இருபத்தாறு வயது. பெரிய அணிக்குப் போகிற அளவுக்கு நல்ல ஆட்டக்காரன் இல்லை. ஆனால் எங்களுடையதைப் போன்ற சின்ன ஊருக்கு அவன் அதிகம். மனைவி ஐரீனுடன் பைன் தெருவில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தான்.

ஐரீனைத்தான் முதலில் சந்தித்தேன். மளிகைக் கடையில் அரை டஜன் முட்டை கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் சட்டென்று திரும்பினாள்.

“நீங்க ரேடியோல பேசுறவர்தானே?”

ஆமாம் என்றேன்.

“குரலைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் டெல் வாஸோட சம்சாரம். அவர் ஊர்ல இல்லாதப்ப வீட்ல எனக்கு நீங்கதான் துணை. சத்தியமா. சமைக்கும்போதுகூட நீங்க பேசிட்டே இருப்பீங்க. திங்கக்கிழமை ஆட்டம் இல்ல. சாப்பிட வாங்களேன், மிஸ்டர் பெக்.”

போனேன். பொரித்த கோழி, பீன்ஸ், கடைசியில் இனிப்புக்கு ருபார்ப் பை. டெல் கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தான். “அட, நீங்க ஆறடி இருப்பீங்கன்னு நினைச்சேன். உள்ள வாங்க, உள்ள வாங்க” என்றான். அதைக் கேட்டு எனக்கு ஏனோ வருத்தம் வரவில்லை. சாப்பிட்டதும் பலகையில் காய் நகர்த்தி செக்கர்ஸ் ஆடினோம். வெளியூர்களில் மைதானம் எப்படி இருக்கும், எங்கே புல் நீளம், எந்த மூலையில் வெயில் கண்ணில் அடிக்கும் என்றெல்லாம் சொன்னான். அதற்குப் பிறகு என் வர்ணனை இன்னும் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த திங்களும் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த திங்களும். மே மாதம் முழுக்க அப்படிப் போனது. ஒரு புதுச் சட்டை வாங்கினேன்.

ஜூனில் அணிக்குப் புதிதாக ஒரு முதல் தளத்து ஆட்டக்காரன் வந்தான். அவனுக்கும் மனைவி இருந்தாள். அவர்கள் நாலு பேரும் ஒரே வயது. ஐரீனுக்குக் குழந்தை உண்டாகியிருந்தது. அந்தப் பெண்ணுக்கும் அப்படியே. பேச விஷயம் இருந்திருக்கும். “இந்த வாரம் அவங்க வர்றாங்க, ஆர்லோ. அடுத்த திங்கள் பாக்கலாமா?” என்றான் டெல். அடுத்த திங்களும் அதையே சொன்னான். அதற்கடுத்த திங்கள் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பைன் தெரு வழியாக நடந்து போனேன். அவர்கள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. டெல் என்னவோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஒருவேளை என்னைப் பற்றி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குக் கோபம் வரவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்கிறவன் வேறு மாதிரி ஆள்.

அந்த வாரம் எல்டனில் ஆட்டம். எட்னா தள்ளிய துண்டில், ‘ஷார்ட்ஸ்டாப் வழியாக, ஒரு தளம்’ என்றிருந்தது. பந்து டெல்லைத் தாண்டிப் போயிருக்கிறது. எப்படித் தாண்டியது என்று துண்டு சொல்வதில்லை. கல்லில் பட்டுத் துள்ளியிருக்கலாம். யாராலும் எடுக்க முடியாத வேகத்தில் வந்திருக்கலாம். நான் சொன்னேன்: ‘வாஸ் ஒரு நொடி தாமதமாக நகர்கிறார். அவர் பார்வை கூட்டத்தின் பக்கம் இருந்ததோ என்னவோ.’

அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாள் காலை உணவுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். துணி ஆலை வேலைக்குப் போகிறவர்கள் அதையே பேசினார்கள். ரே ஸ்டுபக் என்று ஒருவன், சாயப் பட்டறையில் வேலை, உரத்த குரல். “ஆட்டத்துல நின்னுக்கிட்டு அங்க என்ன வேடிக்கை? நாம எட்டு மணி நேரம் தறியைப் பாக்குறோம், அந்தாளுக்கு ஒரு பந்தைப் பாக்க முடியல?” என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சொன்ன ஒரு வாக்கியம் காபிக் கோப்பைகளுக்கு நடுவே நடமாடிக்கொண்டிருந்தது. அது எனக்குப் புதிதாக இருந்தது.

ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் ஒரு எண்ணைக்கூட மாற்றியதில்லை. ஓட்டம், அடி, தவறு எல்லாம் மறுநாள் செய்தித்தாளில் வருவதும் நான் சொன்னதும் ஒன்றாகவே இருக்கும். எங்கள் ஊர் மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களை நேரில் பார்த்துச் சொல்வேன். அதில் டெல்லைப் பற்றி நல்லதே சொன்னேன். கண்ணால் பார்த்ததைப் பற்றி நான் பொய் சொன்னவன் இல்லை. பார்க்காததைத்தான் சொன்னேன். என் வேலையே அதுதானே.

ஜூலையில் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். பந்தை விட்டதும் அவன் சிரித்தான் என்றேன். முதல் தளத்துக்கு மெதுவாக ஓடினான் என்றேன். ஒரு நாள் ரீட்ஸ்பரோ ஆட்டத்தில், அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பித் தொப்பியைத் தொட்டான், அங்கே மூன்றாவது வரிசையில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் இருந்தாள் என்றேன். மஞ்சள் ஏன் என்று கேட்டால் தெரியாது. வானொலியில் நிறம் சொன்னால் ஜனங்களுக்குக் கண்ணில் நிற்கும்.

ஆட்டம் முடிந்ததும் எட்னா சத்தம் குறைத்துக் கேட்டார்.

“பெக், அந்தத் துண்டை இன்னொரு தடவ படி.”

படித்தேன்.

“அதுல மஞ்சத் தொப்பி எங்கருந்து வந்துச்சு?”

“வேர்க்கடலை விக்கிறவனும் அதுல இல்ல, எட்னா.”

“வேர்க்கடலைக்காரனோட பொண்டாட்டி ரேடியோ கேட்டுட்டு ஒக்காந்திருக்கல” என்றார் எட்னா. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் நல்ல பெண்மணி. ஆனால் அவருக்கு ஓய்வூதியம் வர இரண்டு வருஷம் இருந்தது. மேலதிகாரியிடம் போய்ச் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஐரீன் அடுத்த வாரம் என் வீட்டுப் படியேறி வந்தாள். உட்காரவில்லை. வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

“அந்தப் பொண்ணு திரும்ப வந்தாளா, மிஸ்டர் பெக்? எல்டன்லயும் இருந்தாளா?”

“ஐரீன், தந்தியில வர்றத நான் படிக்கிறேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“அவர் சத்தியம் பண்றார். அப்படி யாருமே இல்லங்கிறார்.”

“அப்படின்னா இல்லாமத்தான் இருக்கும்” என்றேன். “ஆனா அந்த ஊர்த் தந்திக்காரனுக்கு டெல்லத் தெரியாது. அவனுக்குப் பொய் சொல்லி என்ன லாபம்?”

அவள் முகத்தை நான் கவனித்தேன். நியாயமான கேள்வி என்று அவளுக்கும் பட்டது. ஆகஸ்டில் அவள் தன் அம்மா வீட்டுக்கு, நெப்ராஸ்காவுக்குப் போனாள். ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். அவள் பெட்டியைத் தூக்கி வைத்தது நான்தான்.

அதற்குள் எங்கள் ஊர் மைதானத்திலேயே டெல் பெயரைச் சொன்னதும் கூச்சல் போட ஆரம்பித்திருந்தார்கள். கூச்சல் போட்டால் எவனுக்கும் கவனம் சிதறும். பந்துகளை நிஜமாகவே விட ஆரம்பித்தான். கூட ஆடுகிறவர்கள் சாப்பாட்டு மேஜையில் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. முதல் தளத்துக்காரனும் அவன் மனைவியும் திங்கட்கிழமைகளில் வேறு வீட்டுக்குப் போனார்கள். ஒரு திங்கள் சாயங்காலம் என் கதவு தட்டப்பட்டது.

“ஆர்லோ, உள்ள வரலாமா?” என்றான் டெல். கையில் இரண்டு பியர் பாட்டில். “வேற எங்க போறதுன்னு தெரியல.”

அந்த வாக்கியத்தைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதைத் தவிர வேறெதுவும் நான் கேட்கவில்லை. அவனுக்குக் கெடுதல் வரவேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. எல்லாக் கதவும் மூடினால் என் கதவுக்கு வருவான் என்று கணக்குப் போட்டேன், வந்தான்.

ஆகஸ்டு மாதம் நன்றாக இருந்தது. அணி ஊரில் இருக்கும் நாளெல்லாம் ஆட்டம் முடிந்ததும் வருவான். டப்பா சூப்பைச் சுடவைப்பேன். செக்கர்ஸ் ஆடுவோம். சில நாள் சோபாவிலேயே தூங்கிவிடுவான். காலையில் நான் எழுந்து வரும்போது, வீட்டில் இன்னொரு மனிதன் மூச்சுவிடும் சத்தம் கேட்கும். சமையலறையில் சத்தம் வராமல் காபி போடுவேன்.

ஒரு நாள் கேட்டான்: “அந்தத் தந்திக்காரங்களுக்கு என் மேல என்ன கோவம், ஆர்லோ? நான் அவங்க மூஞ்சியக்கூட பாத்ததில்ல.”

“சில பேர் அப்படித்தான், டெல்.”

“நீங்க அதப் படிக்காம விட முடியாதா?”

“முடிஞ்சா விடமாட்டேனா? வர்றதப் படிக்கலன்னா எனக்கு வேலை போயிடும்.”

“ஆமா. உங்களச் சொல்லி என்ன” என்றான். என் தோளைத் தட்டினான்.

செப்டம்பர் தொடக்கத்தில் டெல்லுக்கு ஐரீனிடமிருந்து போன் வந்தது. சண்டை போதும், குழந்தை பிறப்பதற்குள் வா என்றாளாம். அன்று அவன் என் வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே வந்தான். பருவம் முடிந்ததும் நெப்ராஸ்காவுக்குப் போய்விடுவதாகச் சொன்னான். மாமனாருக்குத் தானியக் கிடங்கு இருந்தது. “பேஸ்பால் போதும், ஆர்லோ. ஒரு நாள் எங்க ஊருக்கு வாங்க. ஐரீன் கோழி பொரிப்பா” என்றான். ஒரு நாள் வாங்க என்று சொல்கிறவர்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

கடைசி வாரம் வீவர்ஸும் ரீட்ஸ்பரோவும் சமநிலையில் இருந்தன. இந்த ஊர் சாம்பியன் பட்டம் வாங்கிப் பதினேழு வருஷம் ஆகிறது. ஆலையில் வேலை நாளைக் குறைத்திருந்தார்கள். ஜனங்களுக்கு அணியைத் தவிர வேறு பேச்சு இல்லை. கடைசி மூன்று ஆட்டமும் ரீட்ஸ்பரோவில். வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால், சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் வேலிக்கு அருகே வாஸுடன் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னேன். யார் என்று தெரியவில்லை என்றும் சொன்னேன். பந்தயம் கட்டுகிறவர்களிடம் அவன் காசு வாங்கிவிட்டான் என்று கேட்கிறவர்கள் தாங்களாகவே நினைத்துக்கொள்வார்கள். அன்று ஜெயித்தோம். சனிக்கிழமை தோற்றோம். கடைசி ஓட்டம் டெல்லின் கால்களுக்கு நடுவே போன பந்தில் வந்தது. அந்தத் தவறு உண்மை, தந்தியிலேயே இருந்தது. நான் சேர்த்தது ஒன்றுதான். பந்து போனதும் அவர் வேலிப் பக்கம் பார்க்கிறார் என்றேன்.

அன்று சாயங்காலம் டெல் எனக்குப் போன் செய்தான். மேனேஜர் அவனை அணியிலிருந்து நீக்கிவிட்டார்.

“நாளைக்குக் காலைல பஸ்ல வர்றேன். எல்லாரும் சர்ச்ல இருப்பாங்கல்ல, அந்த நேரம். பெட்டிய எடுத்துட்டு மத்தியான ரயில்ல போயிடுறேன். கார் கொண்டாங்க, ஆர்லோ. யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

சொல்லமாட்டேன் என்று சொன்னேன். அப்போது அது உண்மை.

சாயங்காலச் செய்தியில் விளையாட்டுக்கு எனக்குப் பத்து நிமிஷம் உண்டு. அதன் முடிவில், வாஸ் அணியோடு இல்லை, ஞாயிறு காலைப் பேருந்தில் தனியாக ஊர் திரும்புகிறார் என்று சொன்னேன். ரே ஸ்டுபக்கின் வழக்கறிஞர் கேட்டதாகச் சொன்னீர்களே, அதற்குப் பதில் இதுதான். ஆம், ரே வானொலியில்தான் கேட்டான். ஆம், நான்தான் சொன்னேன். அவன் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும்.

என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்கள். நாலு அடி விழும் என்று நினைத்தேன். ஒரு கால் உடையலாம். கால் உடைந்தவன் நெப்ராஸ்காவுக்கு ரயிலேற முடியாது. குணமாக ஆறேழு வாரமாவது ஆகும். படுக்க ஓர் இடம் வேண்டும், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். சனிக்கிழமை கடை மூடுவதற்குள் போய்க் கட்டுத்துணியும் அயோடினும் ஒரு தலையணையும் வாங்கிவந்தேன். வானொலி நிலையத்துக்குப் போகும் வழியில்.

ஞாயிறு காலை பேருந்து நிலையத்துக்கு எதிரே மரத்தடியில் காரை நிறுத்தினேன். தெருவில் யாரும் இல்லை. சர்ச்சில் பாடுவது கேட்டது. ரேயும் அவன் மச்சினனும் சுவரோரம் நின்றிருந்தார்கள். டெல் இறங்கினான், ஒற்றைப் பையோடு. நான் வந்திருக்கிறேனா என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்தேன்.

“எங்கடா ஒன் சாம்பல் கோட்டுக்காரனுங்க? வரலையா?” என்றான் ரே. டெல் ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. பிறகு அடித்தார்கள். கட்டை எதுவும் இல்லை, கையும் பூட்ஸ் காலும்தான். அவன் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் உதைத்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்தேன். நடுவில் நான் போயிருந்தால் நானும் அதில் சம்பந்தப்பட்டவன் ஆகியிருப்பேன்.

காரில் ஏற்றும்போது, “வந்துட்டீங்களா” என்றான். கால் உடையவில்லை. என் மேல் சாய்ந்து மாடிப்படி ஏறினான். சோபாவில் படுக்கவைத்தேன், முகத்தைத் துடைத்தேன், அயோடின் போட்டேன். முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டான். வயிறு வலிக்கிறது, இடது தோள் வலிக்கிறது என்றான். தோளில் அடிபடவே இல்லை. அதனால் அவன் குழம்பியிருக்கிறான் என்று நினைத்தேன். மண்ணீரல் கிழிந்தால் தோளில் வலிக்கும் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

“ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஆர்லோ.”

“ஞாயித்துக்கிழமை அங்க யாரு இருப்பா? கொஞ்சம் தூங்கு, சரியாயிடும்.”

“ஐரீனுக்காவது போன் போடுங்க.”

போன் வேலை செய்யவில்லை என்றேன். ரிசீவரை எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரி என் ஜன்னலிலிருந்தே தெரியும், ஷெரீஃப். அதை நான் மறுக்கவில்லை. காலையிலேயே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பான் என்கிறார் டாக்டர். அதையும் மறுக்கவில்லை. ஆனால் அங்கே கொண்டுபோனால் அவனை வைத்துக்கொள்வார்கள். ஐரீனுக்குத் தகவல் போகும். அவள் வந்து அழைத்துப் போய்விடுவாள். அத்தனை பாடும் எதற்கு என்று ஆகியிருக்கும்.

மதியம் இரண்டு மணிக்குக் கடைசி ஆட்டம். நான் போகாமல் இருக்க முடியாது, ஊரே காத்திருந்தது. அவனைப் போர்த்திவிட்டேன். தண்ணீர் வைத்தேன். துணைக்கு இருக்கட்டும் என்று, சோபாவுக்குத் தலைமாட்டில் வானொலியைப் போட்டுவிட்டேன். ரேயின் ஆட்கள் திரும்ப வந்துவிடக் கூடாதே என்று கதவை வெளியே பூட்டினேன்.

“டெல் வந்துட்டானா?” என்று கேட்டார் எட்னா.

“மத்தியான ரயில்ல போயிட்டான்.”

“நல்லவேளை” என்றார். “அந்தப் பொண்ணுகிட்டயாவது நிம்மதியா இருக்கட்டும்.” தந்தி தட்ட ஆரம்பித்தது.

அன்று நான் சொன்ன ஆட்டம்தான் என் ஆயுளிலேயே சிறந்தது. கேட்டவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். எட்டாம் சுற்றுவரை பின்தங்கியிருந்தோம். கடைசியான ஒன்பதாம் சுற்றில் இரண்டு ஓட்டம். வீவர்ஸ் ஜெயித்தார்கள். நான் ஒலிவாங்கியை அணைப்பதற்குள் தெருவில் ஹாரன் சத்தம் தொடங்கிவிட்டது. ஆலைச் சங்கை ஊதினார்கள். கீழே இறங்கி வந்தேன். வாசலில் நின்ற யாரோ கேட்டார், “சார், நீங்கதானே பெக்?” ஆமாம் என்றதும் கட்டிப்பிடித்துக்கொண்டார். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். தோளில் தட்டினார்கள். ஒரு பியர் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். “அந்தக் கடைசி அடிய இன்னொரு தடவ சொல்லுங்க, பெக்” என்றார்கள். சொன்னேன். மேஜையில் தட்டிக் காட்டினேன். எனக்குக் காசு கொடுக்க விடவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த மாதிரி ஒரு சாயங்காலம் எனக்கு வாய்த்ததில்லை. வீட்டுக்குக் கிளம்பியபோது தெருவிளக்கு போட்டிருந்தார்கள். ஹாரன் அப்போதும் ஓயவில்லை. கீழே செருப்புக் கடைக்காரர் வாசலில் நின்று கொடி ஆட்டிக்கொண்டிருந்தார். மேலே ஏதாவது சத்தம் கேட்டதா என்று அவரை நீங்கள் விசாரித்திருக்கிறீர்கள். அந்த இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்டிருக்காது. அவர்மேல் தப்பில்லை.

கதவைத் திறந்தேன். முழுதாகத் திறக்கவில்லை. உள்ளே அவன் கதவையொட்டிக் கிடந்தான். வானொலியில் நடன இசை ஓடிக்கொண்டிருந்தது. உடம்பில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. ராத்திரி முழுக்க அவன் பக்கத்தில் இருந்தேன். காலையில் ரிசீவரை அதன் இடத்தில் வைத்துவிட்டு, பிறகு எடுத்து, உங்களைக் கூப்பிட்டேன். ரேயும் அவன் மச்சினனும் அடித்தது உண்மை. ஆனால் கொன்றது நான் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நீங்கள் எழுதியது சரியில்லை. அதைத் திருத்திவிடுங்கள். சோபாவிலிருந்து கதவுவரை அவன் தவழ்ந்து போயிருக்கிறான், கதவின் அடியில் நகக்கீறல் இருக்கிறது, தப்பித்துப் போகப் பார்த்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அந்த நேரத்தில் அங்கே இல்லை. ஆட்டம் முடிந்ததை அவன் வானொலியில் கேட்டிருப்பான். நான் வந்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் எழுந்து வந்திருக்கிறான். அதுவரை என் வீட்டு வாசலில் எனக்காக யாரும் காத்திருந்ததில்லை.